பின்கண்ணாடியில் ஒரு கை

நானும் என் மனைவி இல்வாவும் பிரிந்ததை ஊரே மெச்சியது. கத்தல் இல்லை, வக்கீல் இல்லை. ஒரு சனிக்கிழமை காப்பியும் இலவங்கப்பட்டை பன்னுமாக உட்கார்ந்து, வீட்டுச் சாமான்களை ஆளுக்கொன்றாக மாறி மாறித் தேர்ந்தெடுத்தோம். முதல் முறை எனக்கு. படகைக் கேட்டேன். "அப்ப பெரிய கார் எனக்கு" என்றாள், கண்ணைக்கூட இமைக்காமல். அவளுடைய குட்டை உயரத்துக்கென்று வாங்கிய சின்னக் கார் என் தலையில் விழுந்தது. நானோ எந்த வாசலிலும் குனிந்து நுழைகிற ஆள். என்னைவிட மடையன் எங்கள் ஹெர்னோசாந்து ஊரில் அன்றைக்கு ஒருவனும் இல்லை.

பிள்ளைகள் ஒரு வாரம் அவளிடம், ஒரு வாரம் என்னிடம். டீசாவுக்கு மூன்றேகால் வயது, ஆல்வேக்கு ஒன்றேகால். என் வாரம் முடிகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் இல்வா வந்து அழைத்துப் போவாள். எங்கள் நாட்டில் நாலு வயதாவது ஆகும்வரை எந்தப் பிள்ளையும் காரில் அதற்கென்று மாட்டிய இருக்கையில் பின்பக்கம் பார்த்துத்தான் உட்காரும். மோதினால் கழுத்து தப்பும். அதனால் கார் கிளம்பும்போது டீசா என்னையே பார்த்துக்கொண்டு போவாள். பின்கண்ணாடியில் ஒரு குட்டிக் கை ஆடும், ரொட்டிக்கடைத் திருப்பம் வரைக்கும். அடுத்த ஏழு நாளை நான் அந்தக் கையை வைத்துத்தான் ஓட்டினேன்.

நவம்பரில் ஆல்வே காரில் மாட்டுகிற தன் கைக்குழந்தைக் கூடைக்குள் அடங்காமல் வளர்ந்துவிட்டான். அவனுக்கும் பெரிய இருக்கை வேண்டும். இருக்கைகள் விற்கிற கடைக்குப் போனேன். அங்கே பொருத்திக் கொடுக்கிற குன்வோர் என்ற அம்மாள் இரண்டு பிள்ளைகளின் இருக்கைகளையும் பின்சீட்டில் மாட்டி, பட்டைகளை இழுத்துக் கட்டி, அவற்றுக்கு இடம் விட ஓட்டுநர் சீட்டை முன்னால் தள்ளினார்.

"ஏறி உக்காருங்க தம்பி."

மடக்குக்கத்தி மாதிரி ஏறி உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கை அணைத்துக்கொண்டன.

"பிரேக்க மிதிங்க பாப்போம்."

காலைத் தூக்கினேன். முழங்கால் ஸ்டியரிங்கில் சிக்கி நின்றது.

"ஆச்சு. அங்க ஒருத்தர இடிச்சிட்டீங்க" என்றார் குன்வோர்.

"சின்னவன முன்சீட்டுல வச்சுட்டா? ஏர்பேக்க அணைச்சுடலாமே?"

"வைக்கலாம். அவன் சீட்டுக்குப் பின்னாடி அப்புறம் இடம் ஏது? பெரியவ உங்களுக்குப் பின்னாடிதான் வரணும். திரும்பவும் உங்க முழங்கால்தான்."

"வேற வழியே இல்லையாம்மா?"

"பெரியவள முன்பக்கம் பாக்கத் திருப்பிடுங்க. சட்டம் ஒண்ணும் கேக்காது. நான் திருப்ப மாட்டேன், அது வேற. இல்லன்னா வீட்டுக்காரம்மாவ ஓட்டச் சொல்லுங்க. குட்டையா இருந்தா இந்த வண்டி கச்சிதம்."

"இருந்தாங்க. கச்சிதமாத்தான் இருந்தாங்க."

அவர் பட்டைகளை அவிழ்க்க ஆரம்பித்தார்.

இல்வாவுக்குப் போன் போட்டேன். டீசாவைத் திருப்பலாமா என்று கேட்டதுதான் தாமதம்.

"மூணேகால் வயசுலயா? டோர்க்கெல், உன் முழங்கால் இடிக்குதுன்னு என் பொண்ணு கழுத்தப் பணயம் வைப்பியா?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னதில் தப்பும் இல்லை. அதனால்தான் கூடுதலாக வலித்தது.

"படகை விக்கிறேன். பெரிய வண்டி வாங்கிடுறேன்."

"நவம்பர்ல எவன் படகு வாங்குவான்? அதுவரைக்கும் யெர்க்கர் கொண்டுவந்து விடட்டும்." யெர்க்கர் அவளுடைய புதுத் துணை. "ஆனா உன் வீட்டுலேர்ந்து தினம் பாலர் பள்ளிக்கு முப்பது கிலோமீட்டர் அவரால அலைய முடியாது. ஒண்ணுவிட்டு ஒரு சனி ஞாயிறு வச்சுக்கோ. நீ வண்டி வாங்குற வரைக்கும்தான்."

"சரி" என்றேன். எங்கள் ஊரில் சரி என்பது தும்மல் மாதிரி, யோசிக்குமுன்னே வந்துவிடும்.

குளிர்காலம் முழுக்கப் பிள்ளைகள் விருந்தாளிகளாக வந்து போனார்கள். ஞாயிற்றுக்கிழமை யெர்க்கர் அழைத்துப் போவார். அப்போதும் அந்தக் கை ஆடியது. மே மாதம் கடலில் பனி உருகியதும் படகு விற்றது. நீளமான கார் ஒன்று வாங்கினேன். குன்வோரே இரண்டு இருக்கைகளையும் பின்பக்கம் பார்த்துப் பொருத்தினார். என் காலை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் நீங்க மனுஷன்" என்றார். வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டே வீடு வந்து இல்வாவை அழைத்தேன்.

"நல்லது டோர்க்கெல். நிஜமாவே சந்தோஷம். ஆனா பிள்ளைங்க இப்பத்தான் ஒரு பழக்கத்துக்கு வந்திருக்கு. உடனே மாத்தினா குழம்பிடும்."

"நீதானே சொன்ன, வண்டி வாங்குற வரைக்கும்னு?"

"கோபப்படாத. உக்காந்து பேசலாம். நடுக்கோடைப் பண்டிகை போகட்டும்."

நான் கோபப்படவில்லை. படத் தெரியாது எனக்கு. அதுதான் என் கேடு.

அந்த ஞாயிறு யெர்க்கர் வந்தார். நல்ல மனிதர்; வெறுக்கக்கூட வசதி தராதவர். பிள்ளைகளை ஏற்றப் பின்கதவைத் திறந்தார். டீசாவின் இருக்கை முன்பக்கம் பார்த்திருந்தது.

"திருப்பிட்டீங்களா? நாலு ஆக இன்னும் மூணு மாசம் இருக்கே?"

"ஆமாங்க. கோடைக்கு நெடுந்தூரம் போறோம் இல்லையா? இவ இருக்கை பின்னாடி பாத்து இருந்தா முன்னாடி எனக்கு முழங்கால் இடிக்குது. இல்வாதான் சொன்னா, கழுத்தெல்லாம் பலமாயிடுச்சு, திருப்பிடுன்னு."

முழங்கால். என் வாய்க்குள் எவ்வளவோ வந்தது. வெளியே வந்தது "சரி" மட்டும்தான்.

டீசாவின் பட்டையை நானே பூட்டினேன். "அப்பா, இப்ப எனக்கு ரோடு தெரியுது!" என்றாள். என் முற்றத்தில் நின்ற புதுக் காரில் இரண்டு இருக்கைகள் காலியாக, பின்பக்கம் பார்த்தபடி இருந்தன.

கார் கிளம்பியது. பழக்கத்தில் கையைத் தூக்கிவிட்டேன். ஆல்வே என்னைப் பார்த்த மாதிரி உட்கார்ந்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் ஓர் இருக்கையின் கறுத்த முதுகு. ரொட்டிக்கடைத் திருப்பம் வரைக்கும் அந்த முதுகுக்குத்தான் கையாட்டினேன்.