மழைநாளில் நீளும் நடைவழி

மழை பெய்யும் நாட்களில் மூன்றாம் மாடித் தையல்காரியின் வீட்டு நடைவழி நீண்டுவிடும். மற்ற நாட்களில் அது முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவே உள்ள குறுகல் வழிதான். எதிரே ஆள் வந்தால் ஒருக்களித்து நிற்க வேண்டும். தூறலுக்கு ஒரு பேருந்து நீளம் ஆகும். அடைமழைக்கு மறுமுனையே தெரியாது. சுவரில் அதே பச்சைச் சாயம், தரையில் அதே கீறல்கள், போகப் போக வந்துகொண்டே இருக்கும். வீட்டுக்காரரிடம் யாரும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் வாடகையை ஏற்றிவிடுவார்.

நடைவழி இப்படி நீளத் தொடங்கும் முன்பெல்லாம் மழை என்றாலே அவளுக்குப் பயம். மகளும், சுண்டெலி என்று எல்லோரும் கூப்பிடும் மகனும் கட்டிலிலிருந்து குதிப்பார்கள், பாத்திர மூடிகளை உருட்டுவார்கள். வண்ணப் பென்சில் கொடுத்தால் அரை மணி தாங்காது. கீழ்வீட்டில் இரவுப் பேருந்து ஓட்டுநர்; பகலில்தான் அவருக்குத் தூக்கம். துடைப்பக் கட்டையால் கூரையைக் குத்துவார். ஒருநாள் படியேறி வந்தே கேட்டார். “ஏம்மா, மேல பிள்ளைங்கள வளக்கிறியா, கன்னுக்குட்டி வளக்கிறியா? கண்ண மூட முடியல.” வீட்டுக்காரர் காதுக்கும் விஷயம் போனது. இன்னொரு புகார் வந்தால் காலி செய்ய வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். கணவன் இறந்த பிறகு அவளுக்கு இருந்தது அந்த வீடும் தையல் மிஷினும்தான். அடுத்த மழையில் பிள்ளைகளை அதட்டி உட்காரவைத்து, தானும் சுவரில் சாய்ந்து அழுதாள். “இதுங்க ஓடுறதுக்குக் கொஞ்சம் இடம் குடேன்” என்று சுவரிடமே சொன்னாள். வீடு கொடுத்தது.

அன்றிலிருந்து மழை வந்தால் கொண்டாட்டம்தான். காலுறையோடு சறுக்கினார்கள், பந்து உருட்டினார்கள், துணிக் கூடையில் ஒருவரை ஒருவர் உட்காரவைத்து இழுத்தார்கள். கீழே ஒரு சத்தமும் போகவில்லை. பிள்ளைகளை விடுதியில் சேர்த்துவிட்டார்கள் என்று நினைத்து ஓட்டுநர் நிம்மதியாகத் தூங்கினார். உள்ளே வெகுதூரம் போனால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும், வழி தெரியாது. அதனால் அவள் மிஷினை மிதித்துக்கொண்டே இருப்பாள். சத்தம் வருகிற பக்கம் வீடு. சத்தம் நின்றால் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். இதுதான் சட்டம். வியர்த்து வழிந்து திரும்பும் பிள்ளைகள் இரண்டு மடங்கு சாப்பிட்டுவிட்டு அடித்துப் போட்டாற்போல் தூங்குவார்கள். அவள் சுவரைத் தடவிக்கொடுத்துவிட்டுப் படுப்பாள்.

ஒரு மத்தியானம், கொட்டும் மழையில், சீருடைக்கு அளவு கொடுக்க ஒரு வாடிக்கைக்காரி வந்தாள். மிஷின் நின்றது. பேச்சு வளர்ந்தது. மழை விட்டதை இருவருமே கவனிக்கவில்லை.

“அம்மா, நடை சுருங்குது! தம்பி இன்னும் உள்ள இருக்கான்!” என்று மகள் கத்தினாள்.

பக்கச் சுவர்கள் இரண்டும் தூரத்திலிருந்து மெல்ல முன்னால் நகர்ந்துகொண்டிருந்தன; மறுமுனை இன்னும் தெரியவில்லை. பையனும் கண்ணில் படவில்லை. அவள் பாய்ந்து போய் மிஷினில் உட்கார்ந்தாள். நூல்கூடக் கோக்காமல் மிதித்தாள். இனி அவள் எழுந்திருக்கவும் முடியாது.

“கீழ்வீட்டு மாமாவக் கூப்பிடு.”

“திட்டுவாரும்மா.”

“திட்டட்டும். ஓடு!”

ஓட்டுநர் கலைந்த தலையோடு வந்தார். நகரும் சுவரைப் பார்த்தார், மிதிக்கும் அவளைப் பார்த்தார்.

“அண்ணே, மழை நின்னா இது மூடிக்கும். பிள்ளை உள்ள இருக்கான். எப்படியாவது வீட்டுக்கு மழை பெய்யணும்.”

அவர் வாளியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடி, தொட்டித் தண்ணீரை மொண்டு அவள் ஜன்னல்மேல் ஊற்றினார். சுவர் தயங்கி நின்றது. போகிற போக்கில் அவர் தட்டிய கதவுகளிலிருந்து கட்டடமே குடமும் அண்டாவுமாக ஏறி வந்தது. வெயில் அடிக்கும் தெருவில், ஒரே ஒரு ஜன்னலுக்கு மட்டும் மழை பெய்வதைப் போகிறவர்கள் குடையோடு நின்று பார்த்தார்கள். தொட்டி அடிமட்டத்துக்கு வந்தபோது சுண்டெலி பந்தை அணைத்தபடி ஓடி வந்தான்.

“மிஷின் நின்னுச்சு, உக்காந்துட்டேன். மறுபடி கேட்டுச்சு, வந்துட்டேன்” என்றான்.

அவனைக் கட்டிக்கொண்டு அவள் ஓட்டுநரைப் பார்த்தாள். கை எடுத்துக் கும்பிட்டாள். “அதெல்லாம் இருக்கட்டும்மா. பகல்ல வெயில் கண்ணுல அடிக்குது, ஒரு நல்ல திரை தைச்சுக் குடு” என்றார் அவர், சொட்டச் சொட்ட நனைந்தபடி. இரட்டைத் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தாள். வாழ்நாளில் அவ்வளவு நெருக்கமாக அவள் தையல் போட்டதில்லை.

பிறகு மழை வந்தால் கட்டடத்துப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். மாடிப்படி முழுக்கச் செருப்பு கிடக்கும். மொட்டைமாடியில், அவள் ஜன்னலுக்கு நேர் மேலே, எப்போதும் ஒரு வாளி நிறைந்திருக்கும். வருடங்கள் ஓடின. மகள் மருத்துவமனையில் தாதியானாள், சுண்டெலி வேறு ஊரில் வேலைக்குப் போனான், மற்ற பிள்ளைகளும் வளர்ந்து கலைந்துபோனார்கள். ஓட்டுநர் ஓய்வு பெற்றார். ஆனாலும் மழை விட்டதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறி அந்த வாளியைக் கவிழ்ப்பார்.

“உள்ள யாருமே இல்லையேண்ணே” என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

“இருந்தா?” என்றார்.

இன்றும் அடைமழை விட்டதும் அவள் மிஷினை நிறுத்திவிடுவதில்லை. ஜன்னல்மேல் அந்த ஒரு வாளித் தண்ணீர் விழும். அது வடியும்வரை நடைவழி பொறுத்திருக்கும். அப்புறம் அது மெல்லச் சுருங்கும். அவள் எழுந்து இரண்டு பேருக்குத் தேநீர் போடுவாள்.