குச்சி சுத்தமாக வரக் கூடாது

1.

மனித குலத்தின் எல்லாச் சரிவுகளுக்கும் தொடக்கம் பிரவுனி கேக்குக்கான மிக்ஸ் பெட்டிதான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, எங்கள் கல்லூரி இதழில் மூன்று பத்தி எழுதி நிறுவியிருக்கிறேன். பிரவுனியோ கதையோ, மாவு சலிப்பதிலிருந்து தன் கையால் செய்ய வேண்டும். பெட்டியைப் பிரித்து முட்டையும் எண்ணெயும் ஊற்றுகிறவன் சமைப்பதில்லை, படிவம் நிரப்புகிறான். முக்கால் கதை எழுதிவிட்டு முடிவை வாசகர் தலையில் கட்டுகிற எழுத்தாளனும் அதே ரகம்.

எங்கள் மின்னசோட்டாவில் தட்டில் மிஞ்சிய கடைசித் துண்டை யாரும் முழுதாக எடுக்க மாட்டார்கள். பாதி வெட்டிக்கொண்டு மீதியை விட்டுப்போவார்கள். அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. சாயங்காலம் எறும்புக்கே போதாத ஒரு துணுக்கு தட்டில் கிடக்கும். இது பணிவல்ல, கோழைத்தனம் என்றும் அந்தக் கட்டுரையிலேயே எழுதினேன்.

இந்தக் கதை அந்தக் கட்டுரையால் வந்த வினை. அதை நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் படித்துத் தொலைத்தார்.

2.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'ஆர்லனின் சமையலறையில் ஆறு கண்ணாடித் தட்டுகள் துக்கம் அனுசரித்துக்கொண்டு—' (வேண்டாம். தட்டுகளுக்கு வேறு வேலை இருக்கிறது.)

'மனைவியை இழந்த ஒரு மனிதன்—' (இதையும் பெட்டியில் போட்டு விற்கிறார்கள்.)

நேராகவே சொல்கிறேன். ஆர்லன் ஹாக்பெர்க், அறுபத்தாறு வயது, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். அவர் வீட்டு மாடியறையில் நான் குடியிருக்கிறேன். மார்ச்சில் அவர் மனைவி பெர்னடீன் இறந்தபோது, அவர்கள் போகும் சர்ச்சுக்கு வருகிற ஆறு வீடுகளிலிருந்து ஆறு தட்டுகளில் சாப்பாடு வந்தது. ஒவ்வொரு தட்டின் அடியிலும் டேப் ஒட்டி, பேனாவால் பெயர்: டார்லீன் முதலாக ஆறு பேர். இங்கே அடுத்தவர் தட்டைக் காலியாகத் திருப்பித் தரக் கூடாது. ஆர்லனுக்கு ரொட்டி வாட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது, எனவே தரவில்லை. தராததால் அந்த ஆறு பேரின் முகத்தில் விழிக்க முடியவில்லை. அதனால் சர்ச்சுக்குப் போகவில்லை. இப்போது ஜூலை. போன் அடித்தால் எழுந்துபோய்ப் புல் வெட்டுகிறார். எங்கள் தெருவிலேயே மொட்டையடித்த புல்வெளி எங்களுடையதுதான்.

(ஆறு தட்டுக்காக ஒரு மனிதர் நாலு மாதம் ஒளிந்திருப்பாரா? எனக்கும் சந்தேகம்தான். "உங்களை வச்சுக் கதை எழுதினா ஒருத்தனும் நம்ப மாட்டான்" என்று அவரிடமே சொன்னேன். "நம்பாட்டிப் போறான். அவன் டார்லீனோட தட்டை வச்சுக்கிட்டுப் பாக்கட்டும்" என்றார்.)

3.

சனிக்கிழமை காலை ஆர்லன் கடையிலிருந்து ஏழு பெட்டிகளோடு வந்தார்.

"இந்தா எழுத்தாளரே. ஆறு தட்டு, ஆறு பெட்டி. ஏழாவது நமக்கு."

"ஆர்லன், இதுக்கு நீங்க வெறும் தட்டையே குடுத்துறலாம்."

"வெறும் தட்டா? அதுக்கு ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிருவேன்."

"தள்ளுங்க. மாவுலேர்ந்து நான் செஞ்சு காட்டறேன்."

"முன்ன செஞ்சிருக்கியா?"

"எழுதியிருக்கேன்."

வெண்ணெயை உருக்கினேன். சர்க்கரை, முட்டை, கோகோ, மாவு. (கோகோவின் கசப்பையும் வாழ்க்கையையும் இணைத்து இங்கே ஒரு பத்தி இருந்தது. உங்கள் நன்மைக்காக நீக்கினேன்.) கை ஓயும்வரை அடித்து ஓவனில் வைத்தேன். அரைமணி கழித்து, வெந்ததா என்று பார்க்கக் குச்சியால் குத்தினேன், ஈரமாக வந்தது. மறுபடி உள்ளே. மறுபடி ஈரம். கடைசியில் குச்சி பளிச்சென்று வந்தபோது, வென்றவனின் அடக்கத்தோடு தட்டை வெளியே எடுத்தேன்.

ஆர்லன் ஒரு துண்டைக் கடித்தார். நெடுநேரம் மென்றார்.

"ம். வித்தியாசமா இருக்கு."

எங்கள் ஊரில் இதைவிடக் கடுமையான வசவு கிடையாது.

"நேரா சொல்லுங்க, ஆர்லன்."

"பஸ் டயருக்கு முட்டுக் குடுக்கலாம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியின் பின்பக்கத்தைப் படித்தார். "இதப் பாரு. குச்சி ஏறக்குறைய சுத்தமா வரணுமாம். ஏறக்குறைய. கொஞ்சம் துணுக்கு ஒட்டிக்கிட்டு வந்தாத்தான் பதம். சுத்தமா வந்துச்சுன்னா காலம் போயிருச்சுன்னு அர்த்தம்."

எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. பெட்டிக்குத் தெரிந்திருந்தது.

"பெர்னடீன் எதுல செய்வாங்க? பெட்டியா, மாவா?"

ஆர்லன் சன்னல் வழியே மொட்டைப் புல்லைப் பார்த்தார்.

"கேட்டதில்ல. முப்பத்தெட்டு வருசம். குடுத்தா, தின்னேன்."

4.

(இந்தப் பகுதி நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி இதழ்க்காரர்கள் யாராவது படிக்கக்கூடும்.)

ஏழு பெட்டி. பதினாலு முட்டை. எண்ணெயை நான் ஊற்றவில்லை; பாட்டில் சாய்ந்தது. ஏழு முறையும் குச்சியில் துணுக்கு ஒட்டியிருந்தது.

5.

முடிவுகள்:

அ) டார்லீன் ஒரு வாய் கடித்துவிட்டு, "பெட்டிதானே?" என்கிறார்— (கேட்க மாட்டார். வித்தியாசமாக இருக்கிறது என்பார்.)

ஆ) எல்லோரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்— (இங்கே தோளைத் தட்டுவதே அதிகம்.)

நடந்தது இவ்வளவே. சாயங்காலம் ஐந்து மணி. ஆர்லனின் வண்டியை டார்லீன் வீட்டெதிரே நிறுத்தினேன். முதல் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கியவர் குனிந்து சொன்னார்:

"கதவு திறக்குற வரைக்கும் வண்டிய எடுக்காத. பஸ்ஸுல நான் அப்படித்தான். புள்ள உள்ள போனப்புறம்தான் கியரைப் போடுவேன்."

"தெறந்ததும் ஓடி வந்துருவீங்களா?"

"வாய மூடு."

படியேறினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மணியை அடித்துவிட்டு, வண்டி நிற்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். உள்ளே காலடிச் சத்தம். கதவின் பிடி அசைந்தது.

என் மடியில் ஏழாவது தட்டு. அதன் அடியிலும் ஒரு டேப் உண்டு: பெர்னடீன், அவர் கையெழுத்திலேயே. மத்தியானத்திலிருந்து நானும் ஆர்லனும் தின்றது போக ஒரே ஒரு துண்டு மிச்சம்.

தட்டிலேயே கிடந்த கத்தியை எடுத்தேன். சரிபாதியாக வெட்டினேன். என் பாதியைத் தின்றுவிட்டு, தட்டை, வாசகரே, உங்கள் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.