பொன்னையா கூட்டிவந்த ஐயர்

"உங்கப்பா உன்கூட முழங்கால் போடுவாராம்மா?" என்று போன மாதம் ஐயர் கேட்டபோது கிருபாமணி குனிந்து கால்விரல்களைப் பார்த்தாள். கேள்வி எளிதானதுதான். பிள்ளையைச் சபையில் முழுதாகச் சேர்க்கும் திடப்படுத்தல் நாளில் அது முதல்முறையாக ராப்போஜனத்தின் அப்பமும் ரசமும் வாங்கும்போது தாயும் தகப்பனும் இரண்டு பக்கமும் முழங்காலிட்டுக் கூடவே வாங்குவது அவர்கள் சபையின் வழக்கம். அம்மா இருப்பாள். அப்பா இருப்பாரா என்று அவளுக்கே தெரியாது. ஐயரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

லுத்தரன் சபையில் போதகரை ஐயர் என்றுதான் அழைப்பார்கள். தரங்கம்பாடிப் பக்கத்துப் பழக்கம், கப்பலேறி மலாயாவுக்கும் வந்துவிட்டது. மலாக்காவில் அவர்களுக்கென்று தனிக் கட்டடம் கிடையாது. மாதம் ஒரு முறை ஐயர் சிரம்பானிலிருந்து பஸ்ஸில் வந்து, செமாபோக்கில் சபையைச் சேர்ந்த நல்லையாவின் வீட்டில் தங்கி, அந்த வீட்டு முன்கூடத்திலேயே ஞாயிறு ஆராதனையை நடத்துவார். ராப்போஜனம் வாங்குகிறவர்கள் சனிக்கிழமையே அவரைப் பார்த்துப் பேர் கொடுக்க வேண்டும். மனதில் பாரம் ஏதும் இருந்தால் அப்போதே சொல்லி இறக்கிவிட வேண்டும்.

கிருபாவின் அப்பா இஞ்சினியர் தேவதாஸ் ஓர் ஆராதனைக்கும் போகாமல் இருந்ததில்லை. காலை ஜெபமும் மாலை ஜெபமும் காஜா பெராங்கில் அவர் வீட்டில் தவறியதில்லை. ஞானப்பாட்டுகளைப் புத்தகம் பார்க்காமலே பாடுவார். பேர் மட்டும் கொடுக்கமாட்டார். அப்பமும் ரசமும் மேசைக்கு வந்ததும் எழுந்து வெளியே போய், தன் காரின் பானெட்டைத் திறந்து எதையாவது முடுக்கிக்கொண்டு நிற்பார். "யுத்தத்துக்குப் போய் வந்தவங்க அப்படித்தான்," என்பாள் அம்மா. அதற்கு மேல் அம்மாவுக்கும் தெரியாது.

அவரால் ஓரிடத்தில் இருக்க முடியாது. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோய்க் குழாயை இறுக்கிவிட்டு வருவார். மழை பிடித்தால் போதும், தான் கட்டிய பாலங்களைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். கிருபா பள்ளிக்கூடத்தை விட்டபோதும் அப்படித்தான். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் அவளுக்குக் குரலே எழும்பாது. மற்றப் பிள்ளைகளின் சிரிப்பைத் தாங்காமல் ஒருநாள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். மறுநாளும் போகவில்லை. அப்பா திட்டவில்லை. அவளுடைய சைக்கிளைக் கொல்லைக்குத் தள்ளிப்போய் ஆணி ஆணியாகக் கழற்றிப் போட்டு, இருட்டுவதற்குள் திரும்பப் பூட்டி வைத்தார்.

இப்போது அவர் கண் இரண்டிலும் கட்டு. மலாயா சுதந்திரம் பெறும் மெர்டேக்கா நாளுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. அதற்குள் ஒரு பாலத்தை முடித்துவிட வேண்டும் என்று வெள்ளைக்காரத் துரை மூட்டை கட்டிக்கொண்டே விரட்டினார். ஆணி அடிக்கிற இடத்தில் குனிந்து பார்த்தவரின் கண்ணில் இரும்புப் பொடி தெறித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பொடியை எடுத்து, இரண்டு கண்ணையும் மூடிக் கட்டி, படுத்தே இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

படுக்கவா செய்தார்? சுவரைத் தடவிக்கொண்டு கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தார். மேசையில் இடித்துக்கொண்டார். ரேடியோவைத் திறந்தார், மூடினார். வெளியே சடக்கில், ரோட்டோரம் நெடுக, பிள்ளைகள் கொடி கட்டிக் கூச்சல் போட்டார்கள். அதைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு மறுபடி நடந்தார். அம்மா தையற்காரனிடமிருந்து கிருபாவின் வெள்ளை கவுனை வாங்கப் போயிருந்தாள். விடிந்தால் திடப்படுத்தல்.

சட்டென்று நடை நின்றது.

"கிருபா, ஐயர் வந்திருப்பாருல்ல?"

"ம்."

"பொன்னையாகிட்ட போ. ஐயரை உடனே கூட்டிட்டு வரச் சொல்லு."

அவள் உடனே வாசலுக்கு ஓடினாள். பேர் கொடுக்கப் போகிறார். வேறெதற்கு?

பொன்னையா பக்கத்து வீட்டு டாக்சிக்காரர். புக்கிட் ரம்பாயிலிருந்து குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கிருபா வேலியோரம் நின்று, சொல்லச் சொன்னதை அப்படியே சொன்னாள்.

"அப்பா ஐயரை உடனே கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"ஐயரையா?" பொன்னையாவின் கை நின்றது. "கண்ணுக்காகவா பாப்பா?"

பேச்சை வளர்க்காமல் தப்பிக்க அவள் எதற்கும் தலையாட்டிவிடுவாள். இதற்கும் ஆட்டினாள்.

"அப்படி வாங்க வழிக்கு. என்னதான் ஏசுசாமி கும்பிடுற வேதக்காரவங்களா இருந்தாலும், கண்ணு பட்டுச்சுன்னா மந்திரிக்க நம்ம ஐயரு வேணும். யாருகிட்டயும் மூச்சு விடமாட்டேன். இதோ போனேன், இதோ வந்தேன்."

வண்டி கிளம்பிச் சடக்குக்குப் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பொன்னையாவுக்குத் தெரிந்த ஐயர் ஒருவர்தான். வண்டியும் செமாபோக் பக்கம் திரும்பவில்லை. மாரியம்மன் கோயில் இருக்கிற சிட்டிக் கம்பத்துப் பக்கம் திரும்பியது. நிறுத்துங்கள் என்று கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

வீட்டுக்குள் ஓடினாள். அப்பா சட்டையை மாற்றி, தலையைத் தண்ணீர் தொட்டு வாரி, நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். உதடுகள் அசைந்தன. ஜெபத்தில் இருப்பவரிடம் எப்படிச் சொல்வது என்று அவள் தயங்கிக்கொண்டிருக்கும்போதே வண்டிச் சத்தம் கேட்டது.

மாரியம்மன் கோயில் குருக்கள் உள்ளே வந்தார். வயதானவர். தோளில் துண்டு, கையில் விபூதிப் பொட்டலமும் ஒரு கொத்து வேப்பிலையும். சுவரில் தொங்கிய சிலுவையைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார்.

அப்பா எழுந்தார். "ஸ்தோத்திரம் ஐயரே. உட்காருங்க."

"கண்ணுல..." என்று குருக்கள் ஆரம்பித்தார்.

"கண்ணு கிடக்கட்டும் ஐயரே. நான் சொல்லவேண்டியதைச் சொல்லிடுறேன். முடியிற வரைக்கும் யாரும் குறுக்க பேசக்கூடாது. பேசினா நின்னுடும். நின்னா மறுபடி என் வாயில வராது."

குருக்கள் கிருபாவைப் பார்த்தார். என்ன செய்யட்டும் என்று அவர் கண் கேட்டது. அவள் கதவுத் திரையைப் பிடித்துக்கொண்டாள். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அப்பா நிறுத்திவிடுவார். அப்புறம் நாளைக்கு மட்டுமல்ல, என்றைக்குமே அவர் முழங்கால் மடங்காது. சொல்லாவிட்டால், கண்ணைக் கட்டியிருக்கும் மனிதரை ஏமாற்றியதாகும்.

அப்பா பேசத் தொடங்கிவிட்டார்.

"நாப்பத்திரண்டுல நான் பட்டாளத்துல. பாலம் போடுறதும் உடைக்கிறதும்தான் எங்க வேலை. ஜப்பான்காரன் வடக்கேருந்து வர்றான். நம்ம ஆளுங்க ஆத்தைத் தாண்டினதும் பாலத்தை உடைச்சிட்டு நானும் கிளம்பணும். வெடிமருந்து வெச்சாச்சு. கைப்பிடி என் கையில. இருட்டு கலையல. நல்லாப் பார்த்து ஆளைத் தெரிஞ்சுக்கிட்டு அமுக்குன்னு சொல்லியிருந்தாங்க."

நாற்காலியின் கையைத் தடவித் தேடி உட்கார்ந்தார்.

"ஜப்பான்காரன் சைக்கிள்ல வருவான். டயர் போயிட்டா வெறும் வளையத்துலயே ஓட்டுவான். அந்தச் சத்தம் எங்களுக்குப் பழக்கம், கடகடன்னு. அதே சத்தம் பாலத்துல கேட்டுச்சு. நான் பார்க்கல ஐயரே. காதை நம்பி அமுக்கிட்டேன்."

வெளியே பொன்னையா ஏதோ பாட்டைச் சீட்டியடித்தார்.

"விழும்போது அவங்க கத்தினது தமிழ்ல. தோட்டத்து சனங்க. ரப்பர் பால் வெட்டுற கித்தாக் காட்டுலேருந்து சைக்கிள்ல சாமானைக் கட்டி, பிள்ளைகளை உட்கார வெச்சுத் தள்ளிட்டு வந்திருக்காங்க. அவங்களுக்கு டயருக்கு எங்கே போறது? ஒரு குரல் அம்மான்னு கூப்பிட்டுச்சு. சின்னப் பிள்ளைக் குரல். மேலிடத்துல, விழுந்தது ஜப்பான்காரங்கன்னு சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. எனக்கு மெடல்கூட வந்துச்சு."

சிலுவை தொங்கிய சுவரின் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அன்னையிலேருந்து ராப்போஜன மேசைகிட்ட போகல. எத்தனை பாலம் கட்டியும் அந்த ஆத்துமேல நான் நிக்கிறது மாறல. நாளைக்கு என் பொண்ணு முழங்கால் போடுது. பக்கத்துல நான் இல்லேன்னா அது யாருகிட்டயும் ஒண்ணும் கேட்காது, அப்படியே மனசுல வெச்சுக்கும். நான் என் பேரைக் கொடுக்கணும். கொடுக்கலாமா ஐயரே? எனக்கு மன்னிப்பு உண்டா?"

குருக்கள் வேப்பிலையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். அவர் வாயைத் திறந்தார். உண்டு என்றுதான் சொல்லப் போகிறார் என்று கிருபாவுக்குத் தோன்றியது. நல்ல மனிதர். சொல்லிவிட்டால் அப்பா அதையே பிடித்துக்கொள்வார்.

"அப்பா." அவள் குரல் அவளுக்கே உரக்கக் கேட்டது. "இவங்க மாரியம்மன் கோயில் ஐயர். நம்ம ஐயர் இல்ல."

அப்பாவின் கை கண்கட்டுக்குப் போய், பாதியில் இறங்கியது.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"வண்டி போனப்பவே."

"ஏன் சொல்லல?"

"நீங்க ஜெபத்துல இருந்தீங்க. அப்புறம் குறுக்க பேசினா நின்னுடும்னு சொன்னீங்க. நிக்கவேணாம்னு இருந்தேன். ஆனா மன்னிப்பு மட்டும் தப்பா வாங்கிடக்கூடாதுல்ல."

இவ்வளவு நீளமாக அவள் யாரிடமும் பேசியதில்லை. அப்பா தலையை அவள் பக்கம் திருப்பி வைத்திருந்தார். பிறகு குருக்கள் இருந்த திசையை நோக்கிக் கும்பிட்டார்.

"சாமி, தெரியாம உங்க தலையில இறக்கிட்டேன். பொறுத்துக்குங்க." உடனே எழுந்துவிட்டார். "பொன்னையா வண்டி நிக்குதா?"

"நிக்குதுப்பா."

"செமாபோக் போவோம். ஒரு தடவை வந்த சொல்லு இன்னொரு தடவையும் வரும். இப்ப போகலேன்னா நாளைக்கும் பானெட்டைத்தான் திறந்துட்டு நிப்பேன்."

"டாக்டர் படுத்திருக்கச் சொன்னாருப்பா."

"இவ்வளவு நேரம் படுத்தா இருந்தேன்?"

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். பொன்னையா சீட்டியை நிறுத்தினார்.

"என்ன சார், அதுக்குள்ள முடிஞ்சுதா? கயிறு கட்டலையா?"

அப்பா படியில் நின்று சப்பாத்துகளைக் காலால் தேடினார். ஒன்று எட்டத்தில் கவிழ்ந்து கிடந்தது. கிருபா குனிவதற்குள் குருக்கள் முந்திக்கொண்டார். வேப்பிலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தோல் சப்பாத்துகளை இரண்டு கையாலும் எடுத்து, அப்பாவின் பாதங்களுக்கு முன்னால் திருப்பி வைத்தார். வைத்தது யார் என்று தெரியாமல் அப்பா கால்களை நுழைத்துக்கொண்டார்.

"நீங்களும் ஏறுங்க சாமி, போற வழியில இறக்கி விட்டுடுறேன்," என்றார் பொன்னையா.

குருக்கள் ஏறவில்லை. விபூதிப் பொட்டலத்தைப் பிரிக்காமலே இடுப்பில் செருகினார். கிருபாவை ஒரு தரம் பார்த்தார். பிறகு யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், பிள்ளைகள் கட்டிக்கொண்டிருந்த கொடிக்கயிற்றுக்குக் கீழே குனிந்து, கோயிலைப் பார்த்து நடந்தார்.