விசிறி வைத்த கார்டு

கணினிப் பெட்டியின் கடைசித் திருகைச் சுகிர்தா கழற்றும்போது, முன்னறையில் அப்பாவுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். தலைமாட்டில் வைக்கப் படம் இல்லை. அப்பா கண்ணையா கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மனிதர். ஒரே நல்ல படம், அண்ணன் பாலமுருகன் எடுத்தது, இந்தக் கணினிக்குள் கிடக்கிறது. திரையோ கறுப்பாகவே இருக்கிறது.

அண்ணன் வேறொரு தீவில், ஹட் பேயில் மாட்டிக்கொண்டான். கடல் சரியில்லாமல் கப்பல் ரத்து. "வீடியோவுல அவர அப்படிப் பாக்க மாட்டேன். அந்தப் படத்த அனுப்பு" என்று போனில் கெஞ்சினான். அவன் போனில் சொல்லச் சொல்லத்தான் சுகிர்தா பெட்டியைத் திறந்தாள்.

"திரைக்குப் படம் அனுப்புற கிராபிக்ஸ் கார்டுதான் போயிருக்கும். நான் இங்க வந்ததுலருந்து யாரு தொட்டா? உப்புக் காத்து விடுமா? துருப்பிடிச்ச கார்டு எதுவோ, அதக் கழட்டு. ரப்பர் வச்சுத் தேய்ச்சா சரியாயிடும்."

அந்தக் கார்டால்தான் அப்பாவுக்கும் அவனுக்கும் பேச்சே நின்றது. வேலை தேடாமல் விளையாட்டுக்கு ஒரு கார்டா என்று அப்பா கத்தினார். அவன் துணிமணியைக் கட்டிக்கொண்டு ஹட் பேக்குக் கிளம்பிவிட்டான். வீம்பில் இருவரும் ஒருவரை ஒருவர் மிஞ்சியவர்கள். பிறகு போன் வந்தாலும் அம்மாவோடு சரி.

"சுகி, ஜல்தி. ஃபிரேம் போடணும்ல" என்று வாசலிலிருந்து ஒச்சப்பன் சித்தப்பா குரல் கொடுத்தார்.

"ரெண்டு கார்டு இருக்குண்ணே. துருப்பிடிச்சது சின்னது" என்றாள் சுகிர்தா போனில்.

"அது நெட் கார்டு. விசிறி வச்சது பெருசா இருக்கும், அத எடு."

எடுத்தாள். "இதுல துருவே இல்லண்ணே. செருகுற பல்லெல்லாம் பளபளன்னு இருக்கு."

"சரியாப் பாரு."

பார்த்தாள். பெட்டியின் அடியில் தேய்ந்து கறுத்த பென்சில் ரப்பர் ஒன்று கிடந்தது. அதையும் போனையும் எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

"அம்மா, இது யாரு வச்சது?"

புஷ்பம் அப்பாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மழை ஆரம்பிச்சா உங்கப்பாதான் அந்தக் கார்டக் கழட்டித் தேய்ப்பாரு. பையன் வந்தா ஓடணும்லன்னு. அவன்கிட்டச் சொல்லிடாதன்னாரு."

போனில் அண்ணனும் அதைக் கேட்டான்.

"அப்ப கார்டு நல்லாத்தான் இருக்கு" என்றான் ஒருவழியாக. "உள்ள நீளமா, ஒல்லியா, ரெண்டு முனையிலயும் கிளிப் போட்டு ஒரு மெமரி பட்டை நிக்கும், ராம்னு சொல்லுவாங்க. அத எடுத்துத் தேய்."

அதன் பற்களில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு கார்டுதான். அவருடைய ரப்பராலேயே தேய்த்து, எல்லாவற்றையும் மாட்டிப் பொத்தானை அழுத்தினாள். விசிறி சுற்றியது. திரையில் வெளிச்சம் வந்தது.

படத்தில் கண்ணையா, கேமரா பிடித்திருந்த பையனை முறைத்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்கத் தெரியாத முறைப்பு. சுகிர்தா அதை அண்ணனுக்கு அனுப்பினாள்.

"வந்துச்சாண்ணே?"

"ம்" என்றான் அண்ணன். "அந்த ரப்பர் எங்க?"

"கையில இருக்கு."

"உள்ளயே போடு. நான் வந்து எடுத்துக்கிறேன்."

கிடந்த இடத்திலேயே அதை வைத்தாள். பெட்டியை மூடி, திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கினாள்.