இரண்டாவது கையெழுத்து

அக்காவின் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை சிராஜ் நிறுத்தினான்.

சுற்றி உட்கார்ந்து இறந்தவளுக்காக யாசீன் ஓதிக்கொண்டிருந்த பெண்களில் இரண்டு மூன்று பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். ஜூன் மாதம். முனிச்சாலையில் சந்துக்குள் சந்தாகப் போய் முடியும் அந்த வீட்டின் கூடத்தில் ஒரே ஒரு ஜன்னல்தான். காலை ஒன்பது மணிக்கே சுவர் சுட ஆரம்பித்திருந்தது.

"ஏன்ப்பா அமத்துற? இம்புட்டுப் பேரு வெந்துக்கிட்டு உக்காந்திருக்கோம்" என்றாள் ஜெயினம்பு. அவள் சிராஜின் அக்கா கணவர் அப்துல் வஹீதின் மூத்த அக்கா. இறந்து கிடந்த ஷாஹீதாவுக்கு நாத்தனார்.

"கொஞ்ச நேரம்க்கா."

முகக்கவசத்துக்குள்ளிருந்து வந்த குரல் அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை. அக்காவின் தலைக்கு அடியில் ஒரு தலையணையைச் செருகினான். அவள் மகள் ரூபினாவிடம் பஞ்சை நனைத்துத் தரச் சொன்னான். ரூபினா எதற்கென்று கேட்காமல் கொண்டுவந்து கொடுத்தாள். ஈரப்பஞ்சை இரண்டாகப் பிய்த்து அக்காவின் மூடிய இமைகள் மேல் வைத்தான். காலையில் ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்தபோது இருந்த சூடு இப்போது நெற்றியில் இல்லை.

காலை ஆறு மணிக்கு டீக்குப் பால் வைத்தவள் அடுப்படியிலேயே சரிந்துவிட்டாள். வஹீதும் ரூபினாவும் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ஆறே முக்காலுக்கு முடிந்துவிட்டது என்றார்கள். மாரடைப்பு. ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

ஆறே முக்கால். அதிலிருந்து ஆறு மணி நேரம். சிராஜ் மனசுக்குள் அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டே இருந்தான். பன்னிரண்டே முக்காலுக்குள் சொல்லிவிட வேண்டும். சொல்வதற்கு இந்த வீட்டில் அவனைத் தவிர வேறு ஆள் இல்லை என்று நினைத்தான். சொல்லக் கூடாத ஒரே ஆளும் அவன்தான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஷாஹீதா தன்னுடைய ஒரு சிறுநீரகத்தை அவனுக்குக் கொடுத்திருந்தாள்.

அவன் கூடத்துக்குள் நுழைந்தபோதே பேச்சு அடங்கியதை கவனித்திருந்தான். அடங்குவதற்கு முன் காதில் விழுந்ததையும். 'ஒத்தக் கிட்னிய வச்சுக்கிட்டு எம்புட்டு நாளைக்குத்தான் ஓடும்.' சொன்னது யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னத்துக்கு பஞ்சு?" ஜெயினம்பு விடவில்லை.

"கண்ணு காஞ்சுரக் கூடாதுக்கா."

"மௌத்தானவளுக்குக் கண்ணு காஞ்சா என்ன?"

ஓதல் நின்றது. இனி தள்ளிப்போட வழியில்லை.

"அக்கா கண்ணைக் குடுக்கணும்னு சொல்லியிருந்துச்சு" என்றான். "ஆறு மணி நேரத்துக்குள்ள ஃபோன் பண்ணா வீட்டுக்கே வந்து எடுத்துக்குவாக. அதுக்குத்தான்."

அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த ரூபினா மெதுவாக எழுந்தாள். அழுது அழுது வீங்கிய முகம். அவனைவிட ஒரு தலை குள்ளம். கிட்டே வந்து நின்றாள்.

"எங்கம்மாகிட்ட எடுக்கறதுக்கு இன்னும் என்ன மாமு இருக்கு?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். எதிரே வாசல் நிலையில் வஹீது நின்றிருந்தார். பள்ளிவாசலுக்குப் போய் அடக்கத்துக்குச் சொல்லிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. காலையிலிருந்து அவர் சிராஜிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"மேல வா" என்றார்.

மொட்டை மாடியில் கொடி நிறையத் துணி. ஷாஹீதா நேற்று துவைத்துப் போட்டது. காய்ந்து விறைத்துக் கிடந்தன. வஹீது ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட ஆரம்பித்தார். மிக்சி, கிரைண்டர் பழுது பார்த்துப் பார்த்து விரல் நுனிகள் எப்போதும் கறுத்திருக்கும். அந்த விரல்களால் ஒரு வெள்ளைத் துப்பட்டாவைக் கறை படாமல் நுனியில் பிடித்து இழுத்தார்.

"எப்பச் சொன்னா?"

"நான் டயாலிசிஸ்ல கெடந்தப்ப பக்கத்துக் கட்டில்ல ஒரு பிள்ளை இருந்துச்சுல்ல மச்சான். உசிலம்பட்டிப் பக்கம். பாண்டிச்செல்வின்னு."

வஹீது தலையசைத்தார். அவருக்கும் ஞாபகம் இருந்தது. நர்சிங் படித்துக்கொண்டிருந்த பெண். வாரத்தில் மூன்று நாள் அவள் அம்மா சோணையம்மாள் அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வருவாள். ஷாஹீதா சிராஜுக்கு உப்பில்லாமல் செய்த சோற்றோடு அந்தப் பெண்ணுக்கும் ஒரு டப்பா கொண்டுபோவாள். அந்தப் பெண்ணின் வீட்டில் யாருடைய சிறுநீரகமும் பொருந்தவில்லை. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து வருவதற்குப் பதிந்துவைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். சிராஜுக்கு ஆபரேஷன் நடந்த நாலாம் மாதம் அவள் இறந்துபோனாள். வரிசையில் இன்னும் எவ்வளவோ பேர் அவளுக்கு முன்னால் இருந்தார்கள்.

"சாவுக்குத் துட்டி கேக்க அக்காவும் நானும்தான் போனோம். திரும்பி வாரப்ப பஸ்ல சொல்லுச்சு. 'எங்கிட்ட இன்னும் ஒண்ணு இருந்திருந்தா அந்தப் பிள்ளைக்கும் குடுத்திருப்பேன்டா. இனி உசுரோட குடுக்கறதுக்கு எங்கிட்ட இல்ல. செத்த பெறகு கண்ணாவது ஆகும்ல, அதக் குடுத்துருங்க'ன்னுச்சு. அதுக்குப் பெறகும் ரெண்டு மூணு தடவை சொல்லிருச்சு. நான் செக்கப்புக்குப் போறப்பெல்லாம் கூட வரும்ல, அப்ப."

வஹீது கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்து மாடியில் யாரோ வற்றலுக்குத் துணி விரித்துக்கொண்டிருந்தார்கள். இவர்களைப் பார்த்ததும் கீழே இறங்கிப் போய்விட்டார்கள்.

"எங்கிட்டயும் சொன்னா" என்றார். "நீ மட்டும்தான் கேட்டேன்னு நினைக்காத. ஒரு தரம் ராச்சோறு திங்கறப்பச் சொன்னா. நான் டீவிச் சத்தத்தைக் கூட்டி வச்சுக்கிட்டேன்."

அவர் தோளிலிருந்து நழுவிய ஒரு துணியை சிராஜ் எடுத்துக் கொடுத்தான்.

"காலைல டாக்டர்ட்ட கேட்டேன். ஒத்தக் கிட்னியோட இருந்ததுனாலதான் இப்பிடி ஆகிப்போச்சான்னு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னாரு. இதயத்துக்குப் போற ரத்தக் குழாய் அடைச்சிருச்சாம். எல்லாருக்கும் வாரதுதானாம்."

அந்த டாக்டரின் அறை வாசல்வரை சிராஜும் இரண்டு முறை போயிருந்தான். இரண்டு முறையும் கேட்காமல் திரும்பியிருந்தான். இப்போது மூச்சு விட்டபோது முகக்கவசம் உள்வாங்கிப் புடைத்தது.

"ஆனாலும் உன்மேல எனக்குக் கோவம் இருக்கு மாப்ள. நியாயம்னு சொல்ல வரல. இருக்கு. அம்புட்டுத்தான்."

"இருக்கட்டும் மச்சான்."

"நம்பர் வச்சிருக்கியா?"

"இருக்கு."

"இரு. பள்ளிவாசல் ஹஜ்ரத்துட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன். இல்லைன்னா எங்கக்கா விடாது."

ஹஜ்ரத் ஃபோனில் நிதானமாகப் பேசினார். இதில் கூடும் என்கிற மார்க்கம் படித்த ஆலிம்களும் இருக்கிறார்கள், கூடாது என்கிறவர்களும் இருக்கிறார்கள் என்றார். மய்யித்துக்குக் கண்ணியக் குறைவு இல்லாமல், அவர் உயிரோடு இருக்கும்போது விரும்பியது என்றால், நீங்கள் குடும்பத்தார் மனசு ஒத்துச் செய்யுங்கள், நான் துஆ செய்கிறேன் என்றார். வஹீது ஃபோனை அப்படியே கீழே கொண்டுபோய் ஜெயினம்பின் காதில் வைத்தார். அவள் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு எழுந்து அடுப்படிப் பக்கம் போய்விட்டாள்.

"ரூபினா, நீ சொல்லும்மா" என்றார் வஹீது. "நீ வேணாம்னா வேணாம்."

ரூபினா அம்மாவின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நகங்களில் மருதாணி பாதி தேய்ந்து பிறை போல நின்றது. ரம்ஜானுக்கு அவளே வைத்துவிட்டது.

"அம்மா உங்ககிட்டச் சொல்லுச்சா, அத்தா?"

"சொன்னா."

"எங்கிட்டச் சொல்லலையே."

"நீ அழுவேன்னு சொல்லியிருக்க மாட்டா."

ரூபினா குனிந்தாள். அம்மாவின் இமைகளின் மேலிருந்த பஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. எடுத்துக்கொண்டுபோய் நனைத்துக் கொண்டுவந்து வைத்தாள்.

சிராஜ் ஃபோன் செய்ததில் கண் வங்கியிலிருந்து பத்தரை மணிக்கு வந்தார்கள். ஒரு பெண்ணும் ஒரு பையனும். இருவரும் வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்காது போலிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கை கழுவத் தண்ணீர் கேட்டார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் படித்தார்கள்.

"கண்ணாடி போட்டிருந்தாங்களா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"படிக்கறதுக்குப் போடுவா" என்றார் வஹீது. "அது இருந்தா ஆகாதா?"

"ஆகும்யா. எழுதிக்கிறதுக்குத்தான் கேட்டேன்."

படிவத்தை நீட்டினாள். வஹீது அதை ஜன்னல் திட்டில் வைத்துக் கையெழுத்திட்டார். பேனாவை உடனே திருப்பிக் கொடுக்கவில்லை. சிராஜுக்குத் தெரியும். ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்த ஆபரேஷனுக்கும், மனைவி கொடுப்பதில் எனக்குச் சம்மதம் என்று எழுதியிருந்த ஒரு காகிதத்தை அவர் இப்படித்தான் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். அன்று ஷாஹீதா பக்கத்தில் நின்று, 'போடுங்க, டாக்டர் காத்துக்கிட்டிருக்காருல்ல' என்று அதட்டினாள்.

எல்லோரையும் வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். வஹீது நாதாங்கியில் கைவைத்தபடி நின்றார். சந்துக்குள் யாரோ பைக்கை முறுக்கிக்கொண்டு வர, உறவுக்காரர் ஒருவர் கைகாட்டி நிறுத்தினார். இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று.

கதவு திறந்ததும் முதலில் உள்ளே போனது ஜெயினம்புதான். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு வாசலுக்கு வந்து பொதுவாகச் சொன்னாள்.

"தூங்குறாப்லதான் இருக்கு."

கண் வங்கிப் பெண் நன்றி சொல்லி ஒரு சான்றிதழைக் கொடுத்தாள். வஹீது அதை என்ன செய்வதென்று தெரியாமல் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இரண்டு பேருக்குப் பார்வை கிடைக்கலாம், யாருக்கு என்று சொல்வதில்லை என்றாள். "சொல்ல வேணாம்மா" என்றார் அவர்.

பின்கட்டில் சேலைகளைக் கட்டி மறைத்துக் குளிப்பாட்டினார்கள். குளிப்பாட்டுகிற அம்மா தெற்குவாசலிலிருந்து வந்திருந்தாள். சிராஜ் மறைப்புக்கு இந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தான். தொற்று வந்துவிடும், கூட்டத்தில் போய் இருக்காதே என்று அவன் மனைவி வீட்டிலிருந்து இரண்டு முறை ஃபோன் செய்துவிட்டாள். அங்கே கூட்டம் இல்லை. தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. கற்பூர வாசனை வந்தது.

சத்தம் நின்றது.

"இது என்னம்மா, விலாவுல இம்புட்டு நீளத் தழும்பு?"

அவளுக்குத் தழும்பு இடப்பக்க விலாவில் என்றால், அவனுக்கு அவள் கொடுத்த சிறுநீரகம் வயிற்றின் வலப்பக்கம், அடியில் இருந்தது. தொட்டால் தோலுக்கு உடனே கீழே தட்டுப்படும். ஆபரேஷன் முடிந்த புதிதில் ஷாஹீதா தினமும் கேட்பாள். 'என்னடா, என் ஆளு எப்பிடி இருக்கான்?'

மறைப்புக்கு அந்தப் பக்கம் குவளையைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"அது எங்க மாமுக்குக் குடுத்தது" என்றாள் ரூபினா.

"ம்" என்றாள் அந்த அம்மா. மறுபடி தண்ணீர் விழுந்தது. முன்பைவிட மெதுவாக.

அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்ய மையவாடிக்குக் கொண்டுபோனார்கள். நாலு மணி தாண்டியும் வெயில் குறையவில்லை. ஷாஹீதாவுக்கு மகன் இல்லை. கபர் குழிக்குள் இறங்க வேண்டியது கணவரும் கூடப்பிறந்தவனும்தான். சிராஜ் செருப்பை ஓரமாக விட்டுவிட்டுக் கைலியை மடித்துக் கட்டினான். மண்ணைக் கிளறுகிற இடத்துக்குப் போகாதே என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஆனால் இன்றைக்கு அது கணக்கில்லை.

வஹீது ஏற்கனவே உள்ளே இறங்கியிருந்தார். இடுப்பளவு மண்ணுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"நீ எறங்க வேணாம்."

"மச்சான்…"

"வேணாம்னா வேணாம். மேல நில்லு."

ஜெயினம்பின் மகன் இறங்கினான். சிராஜ் மேலேயே நின்று தலைப்பக்கம் மட்டும் தாங்கிக் கொடுத்தான். கைகளிலிருந்து கனம் விலகிப் போனது. காலையில் மாடியில் கேட்டது திரும்பத் திரும்பக் காதுக்குள் ஓடியது. கோவம் இருக்கு. மூன்று பிடி மண் போட்டுவிட்டு யாரையும் பார்க்காமல் தள்ளிப்போய் ஒரு வேப்பமரத்தடியில் நின்றான். துஆ முடிந்து ஆட்கள் கலைந்தார்கள். ஆளுக்கொரு வண்டியில் போனார்கள். அவன் கடைசியில் போகலாம் என்று இருந்தான்.

ஒரு ஆட்டோ வந்து பக்கத்தில் நின்றது. உள்ளே வஹீது மட்டும் இருந்தார். சட்டையெல்லாம் மண். கூப்பிடவில்லை. வலப்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். சிராஜ் ஏறிக்கொண்டான்.

தெரு விளக்குகள் இன்னும் எரியவில்லை. கீழவெளி வீதியில் பழவண்டிக்காரர்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டி அரைகுறையாக மூடியிருந்த பள்ளத்தை டிரைவர் கவனிக்கவில்லை. வண்டி ஒருபக்கமாக இறங்கித் தூக்கிப் போட்டது.

வஹீதின் இடது கை குறுக்கே நீண்டு, சிராஜின் வயிற்றில் வலப்பக்கம், அடியில், அணைத்தாற்போல் வந்து பதிந்தது.

"பாத்துப் போங்கண்ணே" என்றார் டிரைவரிடம்.

வண்டி பள்ளத்தைத் தாண்டிச் சமமான ரோட்டுக்கு வந்துவிட்டது. வஹீது வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முனிச்சாலை வரும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது.