மஞ்சள் சுவரில் ஒரு துளை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு ரவுட்டர் பெட்டிக்குள் இருந்த தாளில் கிடைத்தது. "மோடத்தின் விளக்கு சிமிட்டுவது நின்று, நிலையாக எரியும்வரை காத்திருக்கவும். அதன்பிறகே ரவுட்டரைப் போடவும்." பொறுமை என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கும் ஆள் கையில் இது கிடைத்தால்?

முதல் வரி இப்படி இருந்தது: மேகங்கள் திரண்டு நின்ற அந்த மாலைப்பொழுதில் அவர்... வேண்டாம். மோடத்துக்கும் மேகத்துக்கும் என்ன சம்பந்தம்?

2

அவர் பல் டாக்டர். (முதலில் வங்கி அதிகாரியாக வைத்திருந்தேன். கையில் டிரில் ஒட்டவில்லை.) டெலிபோன் லைனும் மோடமும் கூடத்தில், ரவுட்டர் அடுத்த அறையில். நடுவில், அவர் மனைவி முதுகு ஒடியத் தானே மஞ்சள் பெயிண்ட் அடித்த சுவர். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, கேபிள் போக அதில் துளை போட்டுவிட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாயைத் திறந்து வைத்திருப்பவர்கள் மறுபேச்சுப் பேச மாட்டார்கள் என்று பழகிப்போன மனிதர்.

அன்றிலிருந்து அவள் அவரோடு பேசவில்லை. இன்று பெட்டி கட்டி வாசலில் வைத்தாயிற்று. சாயங்காலம் அண்ணன் கார் வரும். அதுவரை மோடத்தின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.*

* போகிறவள் அங்கே ஏன் உட்கார வேண்டும்? நானும் கேட்டேன். முறைத்தாள்.

3

டாக்டர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் போட்டுப் பார்த்தார். இணையம் வருவேனா என்றது. வேறு வழியில்லாமல் தாளைப் படித்தார். கூடத்துக்குப் போய் மோடத்தை அணைத்துப் போட்டார். அறைக்குத் திரும்பி ரவுட்டர் சுவிட்சில் விரலை வைத்தார். அங்கிருந்து மோடம் தெரியாது. துளைக்கு நேராகக் குனிந்தார்.

"சிமிட்டுறது நின்னுடுச்சா?"

துளை வழியாகப் பதில் வந்தது: "இல்ல."

ஒரே ஒரு சொல். டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை.

"இப்போ?"

"இன்னும் சிமிட்டிக்கிட்டுதான் இருக்கு."

(விளக்கு நிலையாகப் பச்சையாய் எரிகிறது. நான் பார்த்தேன், அவளும் பார்த்தாள். "நின்னுடுச்சு" என்றுதான் அவளுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். சொல்ல மாட்டேன் என்கிறாள்.)

சுவிட்சைப் போடவும் முடியாது, எழுந்து போகவும் மனமில்லை. டாக்டர் தொண்டையைச் செருமினார்.

"உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

துளைக்கு இன்னும் கிட்டே குனிந்தார்.

"ஏணியில நின்னு நீ கைவலியோட அடிச்ச சுவர். தெரிஞ்சும் அவசரப்பட்டுட்டேன்." பிறகு, நாற்காலியில் சாய்ந்தவர்களிடமெல்லாம் பதிலை எதிர்பார்க்காமல் கேட்டுவந்த கேள்வியை, முதல்முறையாகப் பதில் வேண்டிக் கேட்டார்: "ரொம்ப வலிச்சுதா?"

4

இரண்டு முடிவுகள் எழுதினேன். முதலாவதில் அவள் அழுகிறாள்; அவளுக்கே அது பிடிக்கவில்லை. இரண்டாவதில் கார் கிளம்பிவிடுகிறது, ரவுட்டர் அருமையாக வேலை செய்கிறது, டாக்டர் மட்டும் அந்தத் துளை முன்னால்... முடிக்க மனம் வரவில்லை. எனக்கு இவர்கள் மேல் பாசம் வந்துவிட்டது.

வாசலில் ஹாரன் கேட்கிறது. அவள் பெட்டியைப் பார்க்கிறாள். பச்சை விளக்கைப் பார்க்கிறாள். துளைப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறாள்.

"வலிச்சுது. விளக்கு சிமிட்டுறது இன்னும் நிக்கலைங்க. நீங்க பேசுங்க."

மறுபடியும் ஹாரன். எழுதுவதை விட்டு நான் எழுந்தால் இந்தப் பேச்சு நின்றுவிடும். வாசலுக்குப் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். கொஞ்சம் போய் அண்ணனிடம் ஏதாவது சொல்லுங்களேன்.