உறைந்துகொண்டே கொதித்த இன்ஜின்

உலகத்திலேயே உறைந்துகொண்டே கொதித்த ஒரே இன்ஜின் தன்னுடையதுதான் என்றும், பொங்கி வந்த டிட்டிகாகா ஏரியை ஒற்றைக் கட்டைவிரலால் அடைத்தவன் தான்தான் என்றும் டாக்சிக்காரன் இலாரியோன் கல்யாண மண்டபத்தில் சொன்னபோது, பீர் குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் புரையேறியது.

அன்று காலை எல் ஆல்ட்டோ நகரத்திலிருந்து அசகாச்சி ஊர்க் கல்யாணத்துக்கு மதினி ஃபொர்த்துனாத்தாவை ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தான். மதினி மடியில் மூன்றடுக்கு கேக். இந்தக் கல்யாணத்தின் கேக்குக்கு ஞானத்தாய், அதாவது தன் செலவில் கேக் கொண்டுவரும் பொறுப்பேற்றவள், அவள்தான். நகரத்துக் கேக் நண்பகலுக்குள் சாயாமல் வந்து சேராவிட்டால், ஏழு தலைமுறைக்கு அவள் பெயர் நாறும்.

பாதி வழியில் வண்டி கரும்புகை கக்கி, ஆவி பறக்க நின்றது. கைபேசியை வண்டியோடு இணைத்துப் பார்த்தான். இன்ஜின் வெப்பம் மைனஸ் நாற்பது என்றது. வெப்பம் அளக்கும் சென்சார் செத்துவிட்டது. வண்டி பாவம், துருவத்தில் நிற்பதாக நம்பி பெட்ரோலை மொண்டு மொண்டு குடித்தது. விசிறியைச் சுற்றவே மறுத்தது.

காரணம் மதினி. போன வாரம் வண்டிக்குப் பூசை போட்டபோது ஊரே சக்கரத்தில் பீர் தெளிக்க, பக்தி முற்றிய மதினி பானட்டைத் திறந்து, பூமித்தாய்க்கென்று இரண்டு பாட்டிலை இன்ஜின் மேலேயே கவிழ்த்தாள். அப்போது பிடித்த புகைதான். வியாழக்கிழமைச் சந்தையில் இலாரியோன் புதுச் சென்சார் வாங்கியும் வைத்திருந்தான். பூசை போட்ட சூட்டோடு ஸ்பேனர் வைத்தால் பூமித்தாய் கோபிப்பாள் என்று மாட்டாமல் விட்டான்.

"வண்டி செத்தா நீங்க அழுதுக்குங்க, கொழுந்தனாரே. கேக் செத்தா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க போவேன்?" என்றாள் மதினி.

சூடான இன்ஜினைத் தொட முடியாது. மலைக்காற்று அதை ஆற்றும்வரை மதினி கேக்கோடு வண்டி நிழலில் நின்றாள். கீழே வைக்க வழியில்லை. பஸ் ஜன்னலிலிருந்து விழும் ரொட்டிக்காகக் காத்திருக்கும் சாலையோர நாய்கள் பதினேழு, இலாரியோன் கணக்குப்படி, வட்டம் போட்டு உட்கார்ந்திருந்தன.

இன்ஜின் ஆறியதும் சென்சார் வயரின் செருகியில் ஒட்டியிருந்த பீர்ப் பிசுக்கைத் துடைத்தான். பழைய சென்சாரைச் சுழற்றி எடுத்தான், வெற்றிக் களிப்பில் வயலுக்குள் வீசினான், தண்ணீர் பொங்கி வந்த ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்தான். அப்புறம்தான் பார்த்தான்: புதுச் சென்சார் அந்தப் பக்கத்து மட்கார்டின் மேல், எட்டாத தூரத்தில் கிடந்தது. விரலை எடுத்தால் இன்ஜினைக் குளிர்விக்க இருக்கிற தண்ணீரும் போய்விடும். சுற்றிலும் ஒரு கிணறு கிடையாது.

"மதினி, அத எடுங்க."

"எந்தக் கையால?"

மதினி கேக்கைத் துளியும் சாய்க்காமல் குனிந்து, சென்சாரைப் பல்லால் கவ்வி, தாய்க்கோழி மாதிரி கொண்டுவந்து நீட்டினாள். அவன் வாங்கித் திருகினான். விசிறி சுற்றியது. பன்னிரண்டு அடிக்கக் கேக் மேசையேறியது.

இதைத்தான் இலாரியோன் சொன்னான். மண்டபம் சிரித்தது. அவன் சொல்வதில் பாதிகூட உண்மையில்லை என்று இருபது வருஷமாகச் சொல்லிவரும் மதினி, அன்றும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூமித்தாய் பெயரால் இன்ஜினைக் கொன்றதையும், பல்லால் மெக்கானிக் வேலை பார்த்ததையும் எவள் ஒப்புக்கொள்வாள்?

அப்போது மாப்பிள்ளையின் அத்தை கேக்கை நாக்கில் வைத்துச் சப்புக்கொட்டினாள். "வண்டி வழியில கெட்டுதாம், கேக் மட்டும் குலையாம வந்துச்சாம். இது நம்ம தெருமுனைக் கடை கேக்கு, எனக்குத் தெரியாதா?"

மதினி தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"எல் ஆல்ட்டோ கேக்குதான். அவரு சொன்னது அத்தனையும் நடந்துச்சு. பல்லால கவ்வுனது நான்தான்."